நீர்மேல் இட்ட பொய்யிரை

மீன்பிடித்தல் என்றவுடன் வலையும் வள்ளமும் கரையிற் காத்திருக்கும் கூடைகளுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவன. பிடிப்பவனுக்கு அது பிழைப்பு, உண்பவனுக்கு உணவு. இவ்விரண்டுக்கும் புறம்பாக, பிடித்த மீனைத் திரும்பவும் நீரில் விடுவதற்கென்றே விடியற்காலையில் ஆற்றில் இறங்குவோரும் உலகில் உளர். அவர்களுள்ளும் ஒரு சாரார், மீன் மிகுதியாக அகப்படும் வழியை நன்கறிந்திருந்தும் அதனைக் கைவிட்டு, குறைவாக அகப்படும் வழியையே விரும்பித் தேர்ந்துகொள்கின்றனர். வட அமெரிக்க ஆறுகளிற் சிறுவாய் பாஸ் எனப்படும் மீனை, நீரின் மேற்பரப்பில் மிதக்கும் பொய்யிரை கொண்டு பிடிக்க முனைவோரே இவர்கள். இவர்களுடைய விருப்பம் வெளிப்பார்வைக்கு அறிவுக்கு ஒவ்வாததாகவே தோன்றும்.

அம்மீனின் உணவிற் பெரும்பகுதி ஆற்றின் அடியிலேயே கிடைக்கின்றது. கற்களின் கீழ்ப் பதுங்கி வாழும் கிறேபிஷ், அதாவது சிங்க இறாலைச் சிறிதாக்கினாற் போன்ற நன்னீர் உயிரினம், அதற்கு முதன்மையான இரை. சிறுமீன்களும் நீர்ப்பூச்சிகளின் குடம்பிகளும் அதற்கு அடுத்தவை. தலைக்கு மேலே கிடப்பதை நாடி அது எழுவது கோடைகாலத்திற் சில மணி நேரங்களில் மட்டுமே. இவ்வினத்திற் பிடிபட்டவற்றுள் மிகப் பெரிதென இன்றும் ஏற்கப்படும் மீன், 1955 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தெனசி, கென்ரக்கி மாநிலங்களின் எல்லையிலுள்ள டேல் ஹொலோ நீர்த்தேக்கத்தில், ஆழத்தே இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பொய்யிரைக்கே அகப்பட்டது. அதன் நிறை 11 இறாத்தல் 15 அவுன்ஸ். (அந்நிறையிற் சூதுண்டு என்ற ஐயத்தினால் 1996 இல் அப்பதிவு நீக்கப்பட்டதும், 2005 இல் மீளச் சேர்க்கப்பட்டதும் வேறொரு கதை.) ஆகவே நிறையும் தொகையும் வேண்டுபவன் மேற்பரப்பை நாடவேண்டியதில்லை. நாடுபவன் வேண்டுவது வேறொன்று.

அது யாதென்று கூறுமுன் மீனைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பாஸ் என்று பெயரிருப்பினும், ஐரோப்பாவில் அப்பெயர் பெற்ற கடல்மீனுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. சூரியமீன் என வழங்கும் வட அமெரிக்க நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது இது. செப்பும் பசுமையும் கலந்த உடல். விலாவிலே நிலைக்குத்தான கருங்கீற்றுகள். பெரும்பாலும் சிவந்த கண். இதன் நெருங்கிய உறவான பெருவாய் பாஸின் மேற்றாடை கண்ணுக்கு அப்பாலும் நீண்டு செல்ல, இதன் தாடை கண்ணளவில் நின்றுவிடுகின்றது. பெருவாய் மீன் தேங்கிய நீரையும் களைப்பற்றையையும் விரும்பும்; சிறுவாய் மீனோ கல்லும் ஓட்டமும் தெளிந்த நீரும் வேண்டுவது.

விலங்கியலார் இதற்கு இட்ட பெயரின் வரலாறு நகைப்புக்கும் உரியது, இரக்கத்துக்கும் உரியது. 1802 இல் பிரெஞ்சு அறிஞர் லசெப்பேட் இம்மீனை விவரித்தபோது, அவர் கையிற் கிடைத்த மாதிரியின் முதுகுத்துடுப்பு பின்புறத்திற் சிதைந்திருந்தது. சிதைவினாற் பிரிந்து நின்ற சிறு துண்டைத் தனித் துடுப்பென்றெண்ணி, 'சிறுதுடுப்பு' எனப் பொருள்படும் மைக்ரொப்தெரசு என்ற சாதிப்பெயரை அவர் சூட்டினார். ஒரு மீனுக்கு நேர்ந்த காயம் ஒரு சாதி முழுவதற்கும் பெயராகிவிட்டது. இனப்பெயரான டொலொமியூ, லசெப்பேட்டின் நண்பரும் புவிச்சரிதவியலாருமான டொலொமியூவை நினைந்து இடப்பட்டது. எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனுடன் சென்று, திரும்பும் வழியிற் சிறைப்பட்டு, விடுதலையான சில மாதங்களிலேயே 1801 இல் அவர் இறந்துபோனார். டொலமைற் என்ற பாறைக்கும் அவர் பெயரே. வேர்ஜினியாவின் செனன்டோவாப் பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல்லும் டொலமைற்றும் பரந்த நிலமாதலின், அங்கே அவர் பெயர் தாங்கிய பாறையின்மேல் அவர் பெயர் தாங்கிய மீன் நீந்துகின்றது. இரண்டும் அங்கே கூடியது இயற்கையின் செயலன்று என்பதே இதில் வியப்பு.

ஏனெனில் செனன்டோவாவும், ஹாப்பேர்ஸ் பெரி என்னுமிடத்தில் அது சென்று கலக்கும் பொற்றோமாக் ஆறும் இம்மீனின் தாயகமல்ல. மிசிசிப்பியின் நடு, மேல் வடிநிலங்களும் பேரேரிகளைச் சார்ந்த நீர்நிலைகளுமே அதன் பழைய உறைவிடம். கிழக்கே கடல்நோக்கிப் பாயும் ஆறுகளை அப்பலாச்சிய மலைத்தொடர் அதற்கு மறைத்து நின்றது. மலையைக் கடக்க மீனால் இயலவில்லை, புகையிரதத்தால் இயன்றது. பால்ற்றிமோர்-ஒகையோ புகையிரதப் பாதை ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரை எட்டிச் சிறிது காலமே சென்றிருந்த நிலையில், 1854 இல், அந்நகரின் ஓடையொன்றிற் பிடித்த சில மீன்களை இயந்திரத்தின் நீர்த்தாங்கியுள் இட்டு மலைக்கப்பாற் கொண்டுவந்து, மேரிலாந்திலே கம்பர்லாந்துக் கால்வாயில் விட்டார்கள். அச்சிலவற்றிலிருந்தே பொற்றோமாக்கின் மீன்கள் பெருகின. 1881 இல் யேம்ஸ் ஹென்ஷல் என்னும் மருத்துவர் பாஸ் மீன்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதி, திறவுற்று மீன்களையே உயர்வாகக் கொண்டாடிவந்த தூண்டிற்காரர் மத்தியில் இவற்றுக்கும் ஒரு மதிப்பை ஏற்படுத்தியபோது, பொற்றோமாக் அதன் பிறப்பிடம் போன்றே கருதப்படத் தொடங்கியிருந்தது. இன்று அவ்வாற்றங்கரையில் வாழ்வோரிற் பலர் அதனைத் தம் மீனென்றே கூறுவர்.

நீர்மேற் பொய்யிரையின் தோற்றத்துக்கும் ஒரு கதை வழங்குகின்றது. மிச்சிக்கன் மாநிலத்து டொவாஜாக் என்னும் ஊரில் யேம்ஸ் ஹெடன் என்பவர் வாழ்ந்தார். அவர் தேனீ வளர்ப்பிலும் பெயர் பெற்றவர். ஆலைக்குளத்தின் கரையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்த வேளையில் கத்தியாற் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டை அவர் நீரில் வீச, ஒரு பாஸ் பாய்ந்து அதனை மோதியதாம். கதை எவ்வாறாயினும், 1890களின் இறுதியில் அவர் கையால் மரத்தவளைகளைச் செதுக்கியதும், பின்னர் அவர் குடும்பம் பொய்யிரைத் தொழிற்சாலை நடத்தியதும் உண்மை. அத்தொழிற்சாலையின் புகழ்பெற்ற ஒரு பொருள் சுருட்டு வடிவிலான வெறும் கட்டை. தூண்டிற் கோலின் நுனியைச் சீராகத் துடிக்கச் செய்தால் அது வலமும் இடமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பி நடக்கும். புளோரிடாவிலுள்ள பென்சக்கோலா நகரத்தில் விலைமாதர் வாழ்ந்த சரகோசாத் தெருவின் பெயரை அதன் நடைக்காக அதற்கு இட்டார்கள் என்பர். 1939 இல் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக்கில் அது வார்க்கப்பட்டபோது பேய் என்னும் பொருள்படும் 'ஸ்பூக்' என்ற சொல்லும் பெயரிற் சேர்ந்தது. சாரா ஸ்பூக் இன்றும் விற்பனையாகின்றது. வேறு வகைகளும் உண்டு. குழிந்த வாயினால் நீரை 'பொளக்' என்று விழுங்கி உமிழ்வது ஒன்று. முன்னும் பின்னும் சிறு சுழலிகள் பூண்டு சலசலப்பது ஒன்று. முகத்தில் உலோகத் தகடு தாங்கி, நீந்தத் தெரியாதது போலத் தத்தளித்து வருவது இன்னொன்று. இவை எவையும் எந்தவொரு உயிருக்கும் சரியான படிமம் அல்ல. மீனை ஏமாற்றுவது உருவத்திலும் பார்க்க அசைவே.

கோடையில் ஆற்றின் வெப்பம் 15 பாகை செல்சியசைக் கடந்து சில வாரங்கள் சென்றபின்பே இவ்வகைத் தூண்டிலுக்குப் பருவம். சூரியன் மரங்களுக்கு மேலே ஏறுமுன்னும், மலைக்குப் பின்னே இறங்கியபின்னும், நாள் முழுவதும் மேகம் மூடிய வேளைகளிலும் தூண்டிற்காரன் நீரில் நடக்கின்றான். படகு வேண்டியதில்லை, பழைய சப்பாத்தும் அரைக்காற்சட்டையும் போதும். பாறைப்படிகள் ஆற்றுக்குக் குறுக்கே வரிவரியாய்க் கிடக்க, அவற்றின் கீழே மடுக்கள். மடுக்களின் கடைவாயில் நீர் ஆழங்குறைந்து கண்ணாடிபோல் விரியும். அவ்விடத்துக்கே மீன் விடியலில் ஏறிவரும். கரையோரத்தில் ஓட்டத்தினுள் வேரூன்றி நிற்கும் நீர்வில்லோப் பற்றைகளும் அதற்கு விருப்பமான இடம். பெயரில் வில்லோ இருப்பினும் அச்செடி வில்லோ மரத்தின் உறவன்று. இருமலுக்குக் கசாயம் வைக்கும் ஆடாதோடையின் சாதியைச் சேர்ந்தது. வெண்மையில் ஊதாத் தீட்டிய அதன் பூவை உற்று நோக்குபவனுக்கு அவ்வுறவு விளங்கும்.

நீரினுட் கிடக்கும் மீனுக்கு மேலுலகம் எவ்வாறு தோன்றும் என்பதை உணராதவன் இத்தொழிலில் நெடுநாள் வெறுங்கையனாகவே இருப்பான். ஒளி நீருக்குள் புகும்போது முறிவடைவதால், வானமும் கரையும் மரமும் மனிதனும் அனைத்துமே ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு கூம்பினுள் அடங்கி, தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரமாகவே மீனுக்குப் புலப்படுகின்றன. அவ்வட்டத்துக்கு அப்பால், அவதிக்கோணத்தைக் கடந்த இடமெங்கும், முழு உட்தெறிப்பினால் நீர்ப்பரப்பு ஆற்றடியையே காட்டும் ஆடியாகிவிடும். சாளரத்துக்கு வெளியே விழும் பொய்யிரையின் முதுகு மீனுக்குத் தெரியாது. ஆடியின் ஓரிடத்தில் ஒரு நெளிவும், அந்நெளிவினூடே நீருக்குள் தொங்கும் சிறிது வயிறும் மட்டுமே தெரியும். விழுந்த அதிர்வையோ அது பக்கக்கோட்டினால் முன்னரே அறிந்துவிட்டது. ஆகவே முதலில் ஓர் ஒலி, பின்னர் ஒரு நெளிவு, அதன்பின் எதுவுமில்லை. அந்த 'எதுவுமில்லை' என்பதே மீனை அழைக்கின்றது. தேர்ந்த தூண்டிற்காரன் பொய்யிரை விழுந்ததும் கையை அசைப்பதில்லை. அது எழுப்பிய வளையங்கள் விரிந்து மறையும்வரை நிற்கின்றான். ஆற்றிலே இவ்வாறு நிற்பது குளத்திற் போல எளிதன்று. ஓட்டம் நூலின் நடுப்பகுதியைப் பற்றி வளைத்துப் பொய்யிரையை இழுத்துச் செல்லும். அதனால் கோலை உயர்த்தித் தங்கூசி நூலை நீரினின்றும் எடுத்துப் பிடித்தும், மேலோட்டப் பக்கமாக வீசியும், மிதக்கும் கட்டை உண்மையான பூச்சியைப் போல ஓட்டத்தோடு தானே வருமாறு செய்தல் வேண்டும். இடையிடையே ஒரு துடிப்பு. அவ்வளவே.

பின்னர் அது நிகழ்கின்றது, அல்லது நிகழாமற் போகின்றது. நிகழ்ந்தால், சில வேளை கல் விழுந்தாற் போல் நீர் வெடிக்கும். சில வேளை மீன் வாய் திறவாமலே பொய்யிரையை மோதி எறியும். பெரிய மீன்கள் பெரும்பாலும் ஓசையின்றி மேலெழுந்து, சிறு குமிழி உடைந்தாற் போல் அதனை உறிஞ்சிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருப்பவனுடைய கை கண்ணின் ஏவலை உடனே ஏற்றுக் கோலைப் பின்னே இழுக்கும். இழுத்தானாயின், இன்னும் மூடாத வாயினின்றும் பொய்யிரையைப் பறித்துத் தன் மார்பை நோக்கி எறிந்துகொள்வான். கண்டதை நம்பலாகாது, கோலில் மீனின் கனம் தெரியும்வரை பொறுத்தல் வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதியும் இறுதி விதியுமாகும். அரைக் கணமோ ஒரு கணமோதான் அந்த இடைவெளி. ஆயினும் அதனைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் செல்கின்றன. நாற்பது ஆண்டுகள் ஆற்றில் நின்றவனும் பருவத்தின் முதல் மீனை அவசரத்தால் இழப்பதுண்டு. சிலர் இதற்கஞ்சிப் பொய்யிரையைப் பாராமல் வேறுபக்கம் நோக்கி நிற்கப் பழகுகின்றனர். காண்பதற்காகவே மேற்பரப்பைத் தேர்ந்தவன் காணாதிருக்க முயல்வது விந்தைதான். அடியில் உருட்டும் இரைக்கு இச்சிக்கல் இல்லை. அங்கே கண்ணுக்கு வேலையின்மையாற் கை தானே உணர்ந்து தானே செய்கின்றது. நீர்மேற் பொய்யிரையோ கண்ணையும் கையையும் பிரித்து, ஒன்று அறிந்ததை மற்றது அறியும்வரை மனத்தைக் காத்திருக்கச் செய்கின்றது. குறைந்த மீனுக்கு அவன் பெறும் ஈடு அந்தக் காத்திருப்பே. அது போதாதென்று கருதுபவன் விரைவிலே ஆழத்துக்குத் திரும்பிவிடுகின்றான்.

இதனை வெறும் இன்பமென்று பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. பொய்யிரையின் வயிற்றிலும் வாலிலுமாகத் தொங்குவன இரண்டு மும்முனை முட்கள், அதாவது ஆறு கூர்கள். ஒன்று தாடையிற் பட, மீன் துள்ளும்போது மற்றொன்று கண்ணிலோ செவுளிலோ பாய்வதுண்டு. அவ்வாறு காயமுற்ற மீனை ஆற்றில் விட்டுவிட்டு அருள் செய்ததாக எண்ணிக்கொள்வதிற் பொருளில்லை. முட்களின் பின்நோக்கிய கூர்களைக் குறட்டால் நசுக்கிவிடுவோரும், மும்முனையை நீக்கி ஒற்றை முள்ளைப் பூட்டுவோரும் உளர். அவர்களே இங்கு மதிக்கத்தக்கவர். இம்மீன் மெல்ல வளர்வது. 30 சென்ரிமீற்றர் நீளத்தை எய்த அவ்வாறுகளில் அதற்கு ஏறத்தாழ 4 ஆண்டுகள் வேண்டும். 50 சென்ரிமீற்றரை எட்டிய மீன் பெரும்பாலும் 10 ஆண்டு கடந்தது. வசந்தகாலத்தில் ஆண்மீன் பரற்கற்களை வாலாற் பெருக்கிக் குழி அமைத்து, பெண்மீன் முட்டையிட்டுச் சென்றபின், முட்டையையும் குஞ்சையும் வாரக்கணக்கில் உண்ணாமலே எனத்தக்கவாறு காத்துநிற்கும். அவ்வேளையில் தன்மேல் மிதக்கும் எதனையும் அது தாக்கும். அதனைப் பிடித்துச் சில நிமிடங்கள் புகைப்படத்துக்காக வைத்திருந்து விட்டாலும், அதற்குள் ஏனைய மீன்கள் கூட்டை வெறுமையாக்கி விடலாம். காவல் நிற்கும் தந்தையின் சினத்தைப் பயன்படுத்திக்கொள்வதை விளையாட்டென அழைக்கச் சற்றுத் துணிவு வேண்டும்.

மேற்பரப்பையே நோக்கி நிற்பவன் வேண்டாதனவற்றையும் காண்கின்றான். 2000களின் தொடக்கத்தில், வசந்தம் முதிரும் மாதங்களில், பொற்றோமாக்கின் தென்கிளையிலும் பின்னர் செனன்டோவாவிலும் உடலெங்கும் புண்ணோடு சிறுவாய் பாஸ்கள் மிதந்தன. 2004 இல் செனன்டோவாவின் வடகிளை, 2005 இல் அதன் தென்கிளை என்று நோய் பரவியபோது, வளர்ந்த மீன்களிற் பெரும்பகுதி மடிந்தது. 2003 இல் மேற்கு வேர்ஜினியாவில் இம்மீன்களை அறுத்து ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தார், ஆண்மீன்களின் விந்தகத்துள் முதிராத முட்டைகள் இருக்கக் கண்டனர். வயல்களிலும் கோழிப்பண்ணைகளிலும் இருந்து வழிந்துவரும் கழிவு, களைகொல்லி, நகரக் கழிவுநீரிற் கலந்த ஓமோன்கள், பற்றீரியா, ஒட்டுண்ணிகள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. எந்தவொன்றும் தனித்த குற்றவாளியாக நிறுவப்படவில்லை. பலவும் சேர்ந்து மீனின் எதிர்ப்புச் சத்தியைக் குலைத்தன என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தெளிந்த நீர், நோயற்ற நீர் என்ற பழைய நம்பிக்கை இதனாற் குலைந்தது. கண்ணாடிபோல் அடி தெரியும் மடுவின் கடைவாயில் நின்றவனுக்கு, அடி தெரிந்தும் ஆறு தெரியவில்லை. மீனைத் தேடி வந்தவர்களிற் சிலர் அவ்வாண்டுகளிற் போத்தல்களில் நீர் எடுக்கவும், இறந்தவற்றை எண்ணிக் குறிக்கவும், அதிகாரிகளின் கூட்டங்களுக்குச் சென்று வினாவெழுப்பவும் தலைப்பட்டனர். உண்ணாத மீனுக்காக இத்துணை கவலை எதற்கு என்று கேட்டோருக்கு, அவ்வாற்று நீரையே நகரங்கள் குடிக்கின்றன என்பது போதிய விடையாயிற்று.

ஆயினும் இதே மீன் மற்றோரிடத்திற் குற்றவாளி. மேற்கே கொலம்பியா ஆற்றிற் கொண்டுபோய் விடப்பட்ட அதன் வழித்தோன்றல்கள், கடல்நோக்கிச் செல்லும் சமன் குஞ்சுகளை உண்கின்றன. 2022 இல், பவல் நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழ்ந்து மேலடுக்கின் வெந்நீரும் மீன்களும் கிளென் கன்யன் அணையினூடாகக் கீழே செல்ல நேர்ந்ததும், கொலராடோ ஆற்றில் அணைக்குக் கீழே சிறுவாய் பாஸின் குஞ்சுகள் காணப்பட்டன. அவ்வாற்றுக்கே உரிய கூன்முதுகுச் சப் மீனை அவை அழித்துவிடுமென அஞ்சி அவற்றைக் கொன்றொழிக்க அங்கே பெருமுயற்சி நடைபெறலாயிற்று. பொற்றோமாக்கில் 1854 இலே என்னென்ன மீன்கள் இதற்கு இடம்விட்டு ஒதுங்கின என்பதைக் கணக்கெடுக்க அன்று எவரும் முன்வரவில்லை. ஒரே செயல் ஒரு நூற்றாண்டிற் கொடையாகவும் மறு நூற்றாண்டிற் கேடாகவும் எண்ணப்படுகின்றது. மீன் மட்டும் தான் விழுந்த நீரில் வாழ முயல்கின்றது.

ஓகஸ்ட் மாதத்துக்கு அண்மையில் இவ்வாறுகளில் வெள்ளை ஈ எனப்படும் 'மே' பூச்சிகள் எழும் மாலைகள் வருகின்றன. ஆற்றடி மண்ணில் வளர்ந்த குடம்பிகள் அந்தி மயங்கும் வேளையில் ஒருங்கே மேலெழுந்து, தோலுரித்து, ஈசல்போற் பறந்து கூடி, முட்டையிட்டு, இரவு முதிருமுன்னே மடிந்து நீர்மேல் வீழ்கின்றன. ஆறு வெண்மையாகிவிடும். மடுக்கள்தோறும் மீன்கள் எழுந்து மெல்ல மெல்ல உறிஞ்சும் ஒலி கேட்கும். தூண்டிற்காரன் பகல் முழுவதும் எதிர்நோக்கிய காட்சி அது. ஆனால் அப்போது அவனுடைய பொய்யிரையைச் சீண்டுவாரில்லை. ஆயிரமாயிரம் உண்மைப் பூச்சிகளின் நடுவே மரக்கட்டை ஒன்று நடந்து வருகின்றது. மீன்கள் அதன் இருபுறமும் எழுந்து தம் உணவைக் கொள்கின்றன. சில வீச்சுகளின் பின்னர் அவன் நூலைச் சுற்றி, முள்ளைக் கோலின் வளையத்தில் மாட்டிவிட்டு, முழங்காலளவு நீரில் அப்படியே நிற்கின்றான். இருள் நன்றாகக் கவிந்து, ஒலி மட்டும் எஞ்சியிருக்கும் வரையில் அவன் கரையேறுவதில்லை.